வெயிலுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

"வெயில் மண்டையப் பொளக்குதுண்ணே!"

காய்கிற மாதங்களில் கோலசிலாங்கூர் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான். புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில் கோப்பி குடிக்க உட்கார்ந்தாலும் இதே பேச்சு, பெஸ்தாரி ஜெயாவில் கோயில் வாசலிலும் இதே பேச்சு. பேசி முடித்ததும் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு மறுபடி வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறோம். வெயில் மேலேயிருந்து வருவது, அதற்கு நாம் என்ன செய்துவிட முடியும் என்கிற எண்ணம் நமக்குள் ஊறிப்போய்விட்டது.

வெயில் மேலேயிருந்து வருவதுதான். ஆனால் அந்த வெயிலில் எத்தனை மணி வரை நிற்பது, நிற்க முடியாமல் நிழலில் உட்கார்ந்தால் யாருடைய காசு போவது என்பதெல்லாம் மேலேயிருந்து வந்தவையல்ல. அவை மனிதர் போட்ட கணக்கு. அந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான் இன்று கொஞ்சம் புரட்டிப் பார்க்க நினைக்கிறோம்.

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. சித்திரை வெயில், கத்திரி வெயில் என்பதெல்லாம் நம் பாட்டன்மார் கப்பலேறும்போது மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்த சொற்கள். சிலாங்கூர் மேற்குக் கரையில் சித்திரை மாதம் பெரும்பாலும் சாயங்காலத்தில் இடி இடித்து மழை கொட்டுகிற மாதம். இங்கே காய்கிற காலம் இரண்டு. தைப்பூசம் முடிந்து பால் மரம் இலையுதிர்க்கிற பிப்ரவரி, மார்ச் ஒன்று. ஜூன் தொடங்கித் தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்கள் மற்றொன்று. பசிபிக் கடல் சூடேறுகிற ஆண்டுகளில், எல் நினோ என்கிறார்களே அந்த ஆண்டுகளில், மழை தள்ளிப்போய் வறட்சி நீண்டுவிடுகிறது. 1997-98, 2015-16, 2023-24 ஆகியவை அப்படிப்பட்டவை. 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி வெப்பம் பதிவாயிற்று.

"நம்ம பக்கம் முப்பத்தஞ்சுதானே, ஊர்ப்பக்கம் நாப்பது நாப்பத்திரண்டு அடிக்குதாமே" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். இது தப்புக் கணக்கு. கொடியில் காயப்போட்ட துணியைப் பாருங்கள். காற்றில் ஈரம் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். மழை பெய்து ஓய்ந்து புழுங்குகிற நாளில் சாயங்காலம் வரைக்கும் ஈரம் போகாது. நம் உடம்பும் அந்தத் துணி மாதிரிதான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் நாட்டுக் காற்றிலோ எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கிறது. வியர்வை ஊற்றுகிறது, ஆனால் காய்வதில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகிறது. அதனால்தான் வறண்ட ஊரின் நாற்பது டிகிரியையும் நம் செம்பனைக்காட்டு முப்பத்தைந்தையும் வெறும் எண்ணை வைத்து ஒப்பிடக்கூடாது.

செம்பனை உயர்ந்து வளர்ந்த காட்டில் நிழல் இருக்கும், காற்று வராது. மறுநடவு செய்த காட்டில் காற்று வரும், நிழலே இருக்காது. இரண்டிலும் வேலை செய்தவர்களுக்கு இதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2024 பிப்ரவரியில் பகாங்கில் 22 வயது இளைஞர் ஒருவர் வெப்பத் தாக்குதலால் இறந்தார். இருபத்திரண்டு வயது! கிழவர்களையும் குழந்தைகளையும்தான் வெயில் தாக்கும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நெஞ்சில் பலமுள்ள பிள்ளைதான் "இன்னும் ரெண்டு நிரை பார்த்துட்டு வந்துர்றேன்" என்று நிற்கிறான். அவனுக்குத்தான் முதலில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது, பிறகு தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. அதற்குமேல் பேச்சுக் குழறி, சொன்னதையே சொல்லி, யாரென்று அடையாளம் தெரியாமல் விழித்தால் அது மயக்கமல்ல, உயிருக்கு ஆபத்து. உடனே நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 999-க்குப் போன் அடிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ கோப்பியோ ஊற்றக்கூடாது.

இனி மணிக் கணக்குக்கு வருவோம்.

தோட்டத்து நாள் ஏன் இருட்டோடு தொடங்குகிறது? பால் மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன்பே பெரட்டு முடிந்துவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடினார்கள் நம் தாய்மார்கள். வெயிலுக்கு முன்னால் தொழிலாளி வேலையை முடிக்கட்டும் என்று எந்தத் துரையும் இரக்கப்பட்டுப் போட்ட நேரமல்ல அது. விடியற்காலையில் மரத்துக்குள்ளே நீரின் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலை நீரை இழுத்துக்கொள்ளும், பால் சுருங்கிவிடும். மரத்துக்காக வைத்த மணி அது. மரத்துக்கு நல்லது என்பதால் மனிதனுக்கும் கொஞ்சம் நல்லதாக அமைந்துபோயிற்று, அவ்வளவுதான். பதினொரு மணி வாக்கில் மங்கில் சேர்ந்த பாலை எடுத்து, காண்டா வாளியில் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்குப் போய், நிறுத்துக் கணக்குச் சொல்லி, மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

செம்பனை வந்து இந்த மணியை மாற்றிவிட்டது. அந்த மாற்றம் தொடங்கியதே நம் வட்டாரத்தில்தான் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹென்றி ஃபோகோனியே என்கிற பிரெஞ்சுக்காரர் சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் முதலில் சில செம்பனைகளை அழகுக்காக நட்டார். பிறகு 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமாரம் தோட்டத்தில் வியாபாரத்துக்காகவே நட்டார். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். பின்னாளில் மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. நட்டவருக்குப் பரிசு வந்தது. காடு வெட்டிக் குழி தோண்டியவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்டால் அது வேறு கதை.

பால் மாதிரி செம்பனைக் குலைக்கு விடியல் என்றும் மத்தியானம் என்றும் பேதமில்லை. எந்த நேரம் வெட்டினாலும் குலை குலைதான். ஆகவே வேலைநேரம் வெயிலுக்குள் நீண்டது. நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, மட்டையை வெட்டிக் குலையை வெட்டுகிறவருக்குக் கண்ணில் நேராக வெயில். இருபது கிலோ குலையைக் குத்தித் தூக்கி வண்டியில் போடுகிறவருக்கு முதுகில் வெயில். உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்களுக்குக் குனிந்த பிடரியில் வெயில். 1981-இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விடுகிற வரைக்கும் செம்பனைப் பூவுக்குப் பூ மகரந்தம் தூவியதும் நம் பெண்கள்தான். அந்த ஒரு வேலை வண்டுக்குப் போய்விட்டது. மற்றதெல்லாம் இன்னும் மனிதர் கையில்தான்.

மருந்தடிப்பவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முகமூடி, கையுறை, காலணி, மேலங்கி எல்லாம் போட வேண்டும் என்பது விதி. விதி சரியானது. ஆனால் முப்பத்தைந்து டிகிரியில் அந்த ரப்பர் உடுப்புக்குள் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும் விதி எழுதியவர்கள். மூச்சு முட்டிக் கழற்றிப் போட்டால், "உடுப்பு கொடுத்தோம், அவங்கதான் போடலை" என்று பழி நம் மேலேயே திரும்புகிறது. பாராகுவாட் மருந்து இந்த நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது நல்ல செய்தி. ஆனால் மற்ற மருந்துகளும் தோலில் பட்டால் பன்னீர் அல்ல. வெயில் ஏறிய பிறகு மருந்தடிக்க அனுப்பக்கூடாது என்பதுதான் இதற்கு வழி. உடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேலைக்காட்டு மணி இப்படி. வீட்டு மணி ஒன்று இருக்கிறது, அதற்கு யாரும் சங்கு ஊதுவதில்லை. நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, பசியாறலுக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்துச் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, பெரட்டுக்கு ஓடுகிற அதே பெண்தான் மூன்று மணிக்குத் திரும்பி வந்து துணி துவைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், கோழிக்கும் ஆட்டுக்கும் பார்க்கிறாள், கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். தகரக் கூரை நாள் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் வீட்டுக்குள் கக்கிக்கொண்டிருக்கிறது. ஆம்பளைகள் வாசலில் பாயைப் போட்டுக் காற்று வாங்குகிறார்கள். அடுப்படியில் நிற்பவளுக்கு ஏது வாசல்? பகலில் பட்ட சூட்டை ராத்திரியில் ஆற்றிக்கொள்ளாத உடம்பு மறுநாள் பாதிப் பலத்தோடுதான் காட்டுக்குப் போகிறது. வெயில் நோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேலை நேரத்தை மட்டும் கணக்கெடுக்கிறார்கள். நம் பெண்களின் வெயில் நேரம் பதினாறு மணி நேரம் என்று நாம் கணக்கிடுகிறோம். இதை எழுதும்போது நம் வீட்டு ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். தோம்பில் தண்ணீர் நிரப்புவது பெண்களுக்கென்று எந்தச் சாத்திரத்திலும் எழுதவில்லை.

தண்ணீர்! அதில்தான் வேடிக்கை. கோலாலம்பூருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போகிற குடிநீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர். கோலகுபு பாருவுக்கு மேலே அணை. கீழே பெஸ்தாரி ஜெயா, ரந்தாவ் பாஞ்சாங் பக்கம் சுத்திகரிப்பு நிலையங்கள். அதாவது தலைநகரம் குடிக்கிற தண்ணீர் நம் தோட்டங்களின் ஓரமாகத்தான் போகிறது. 2014 வறட்சியில் அணை மட்டம் இறங்கி, மார்ச், ஏப்ரலில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பெஸ்தாரி ஜெயா பக்கம் ஈயச் சுரங்கம் தோண்டிப் போட்ட குட்டைகளின் நீரைக்கூட ஆற்றில் இறைத்தார்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து நாலு நிலையங்களை மூட, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் குழாய் காய்ந்தது. அப்போது பத்திரிகைகள் எல்லாம் பட்டணத்து மக்கள் வாளியோடு நிற்கிற படத்தைப் போட்டன. வாளியோடு நிற்பது தோட்டத்துக்குப் புதிதல்ல, அதனால் நம் படம் வரவில்லை போலும்.

தோட்டத்து வீடுகளுக்கு இலவசமாக, போதுமான குழாய்த் தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை. இது 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தில், 446-ஆம் சட்டத்தில், எழுதியிருக்கிறது. தர்மத்துக்குக் கொடுப்பதல்ல. வறட்சி என்று சொல்லி வாரக்கணக்கில் லாரித் தண்ணீரைக் காட்டினால் "எவ்வளவு, எத்தனை நாளுக்கு, எப்போது சரியாகும்" என்று எழுத்தில் கேட்கலாம். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

இப்போது சட்டத்தின் மற்ற பக்கங்களைப் பார்ப்போம். நம் மக்களுக்குச் சட்டம் என்றாலே கொட்டாவி வரும் என்று தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதில் காசு இருக்கிறது.

வானிலை இலாகா வெப்பத்தைப் படி வைத்து அறிவிக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி என்றால் முதல் நிலை, எச்சரிக்கை. மூன்று நாள் 37-க்கு மேல் 40 வரை என்றால் இரண்டாம் நிலை, வெப்ப அலை. 40-க்கு மேல் போனால் மூன்றாம் நிலை. பள்ளிக்கூடங்களுக்கு இதை வைத்து விதி இருக்கிறது. சூடு ஏறினால் திடலில் விளையாட்டு கிடையாது, இன்னும் ஏறினால் பள்ளியையே மூடலாம். நல்லது, பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும். ஆனால் அதே தோட்டத்தில், அதே வெயிலில், பிள்ளையைத் திடலுக்கு அனுப்பக்கூடாது என்கிற நாளில், அந்தப் பிள்ளையின் அப்பாவை மறுநடவுக் காட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்று எந்தச் சட்டமும் டிகிரி போட்டுச் சொல்லவில்லை. வேலையிட வெப்பத்தைப் பற்றித் தொழில் பாதுகாப்பு இலாகா 2016-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நிழல், தண்ணீர், இடைவேளை எல்லாம் அதில் உண்டு. வழிகாட்டி வழியைக் காட்டும், கையைப் பிடித்து இழுக்காது.

இருந்தாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணி ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்பது வேலைச் சட்டம். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 45 ஆகக் குறைந்தது. திருத்திய தொழில் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 26A பிரிவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து உடனடியாக இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யவில்லையென்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு வெளியேறலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. முக்கியமானது "சொல்லியும்" என்கிற சொல். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் அது வேலைக்கு மட்டம். மண்டோரிடம், முடிந்தால் நாலு பேர் முன்னிலையில், சொல்லிவிட்டு நிழலுக்குப் போனால் அது உரிமை. நாற்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். உங்கள் தோட்டத்தில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பெயர்ப் பலகையில் இருப்பவருக்கே தான் இருப்பது தெரியாது.

சரி, நிழலுக்குப் போய் உட்கார்ந்தாயிற்று. சம்பளம்?

இங்கேதான் முடிச்சு. குலை வெட்டுக்கு டன் கணக்கு, உதிரிப் பழத்துக்கு மூட்டைக் கணக்கு. கை நின்றால் காசு நின்றது. "குடிக்கத் தண்ணி இருக்கு, உக்கார நிழல் இருக்கு, யாரு வேணாம்னா?" என்று நிர்வாகம் கேட்கலாம். தடுப்பது நிர்வாகமல்ல, கணக்கு. மூன்று பிள்ளை பெற்றவன் அரை மணி உட்கார்ந்தால் மனசுக்குள்ளேயே வெள்ளி குறைகிற சத்தம் கேட்கும். அவனே எழுந்து போய்விடுவான். வெயில் கொல்லவில்லை, விகிதக் கூலி கொல்கிறது என்று சொன்னாலும் மிகையில்லை.

ஒன்று நினைவிருக்கட்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆகஸ்டு முதல் சிறு முதலாளிகளுக்கும் சேர்த்து எல்லாருக்கும் அதுதான். வாரம் ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. டன் கணக்கில், எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் இந்த 1,700-க்குக் குறையக்கூடாது. வறட்சி மாதத்தில் குலை குறைந்து சம்பளச் சீட்டில் 1,300, 1,400 என்று வந்தால் "மழை இல்லையே, என்ன செய்வது" என்று திரும்பி வராதீர்கள். மழை பெய்யாதது உங்கள் குற்றமல்ல. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வறட்சியின் அடி அதோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றைக்குச் செம்பனை தாகத்தில் நின்றால், பிறக்கப்போகிற பூக்களில் ஆண் பூ அதிகமாகிறது. குலை கட்டுவது பெண் பூ மட்டுமே. அதன் விளைவு கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்துத் தெரியும். 2015-16 வறட்சியில் நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி 1 கோடியே 99 லட்சம் டன்னிலிருந்து ஒரே வருஷத்தில் 1 கோடியே 73 லட்சம் டன்னுக்கு இறங்கியது. உற்பத்தி குறைந்தால் சந்தையில் விலை ஏறும், முதலாளி விலையில் பிடித்துக்கொள்வார். டன் கணக்கில் கூலி வாங்குகிறவர் எதைப் பிடித்துக்கொள்வது? வெயிலில் நின்றபோது ஒரு தடவை, அந்த வெயிலால் குலை குறைந்தபோது இன்னொரு தடவை என்று ஒரே வறட்சிக்கு இரண்டு தடவை கட்டணம் கட்டுகிறார்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? கத்தாரில் 2021 முதல், ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் மாலை மூன்றரை வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிற வெப்ப அளவு 32.1-ஐத் தாண்டினால் எந்த மாதமானாலும் வேலை நிற்க வேண்டும். கேரளத்தில் வெயில் மாதங்களில் தொழிலாளர் இலாகா உத்தரவு போட்டு மத்தியானம் 12 முதல் 3 வரை ஓய்வு கொடுக்கிறது. குளிர்ந்த மலைத் தோட்டங்களுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. செத்த பிறகு கொடுப்பது ஒரு வகை, சாகாமல் காப்பது இன்னொரு வகை. நமக்கு இரண்டாவதில்தான் அக்கறை.

நம்மைப் போன்ற தோட்டக்காரர்களின் கதை மத்திய அமெரிக்காவில் இருக்கிறது. நிகராகுவா, எல் சால்வடோர் நாடுகளின் கரும்புக் காடுகளில் இளம் தொழிலாளர்கள் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாமலே சிறுநீரகம் கெட்டு ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். வெயிலில் ஓயாத வேலையும் உடம்பில் நீர் வற்றியதும் அதற்குப் பெரிய காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு என்று முறை வைத்த ஆலைகளில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. அங்கே ஓய்வைத் தொழிலாளியின் விருப்பத்துக்கு விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மணி அடித்தால் எல்லாரும் நிழலுக்கு. நம்மவர்களும் ஒன்று பார்த்துக்கொள்ளலாம்: சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் உடம்பு அபாய மணி அடிக்கிறது என்று அர்த்தம்.

வறட்சியோடு நமக்குப் புகையும் சேர்ந்து வரும். வட சிலாங்கூரில் ராஜா மூசா காட்டுப் பக்கம் கரிமண் சதுப்பு. வடிகால் வெட்டி நீர் வற்றிய கரிமண் தீப்பிடித்தால் மேலே அணைந்து உள்ளே புகையும். சுமத்ராவிலிருந்து வருகிற புகை வேறு. 2005 ஆகஸ்டு 11-ஆம் தேதி காற்றுத் தூய்மைக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரகாலம் அறிவித்தார்கள். அந்த ஆண்டு அந்த நிலைக்குப் போன இரண்டு இடங்களில் நம் இடம் ஒன்று. ஆகவே நம் வட்டாரத்தில் ஒரு விதி போடும்போது சூட்டோடு புகையையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

நேரத்தைக் கேட்பது நமக்குப் புதிதா? 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலைநிறுத்தம் கோலசிலாங்கூர் தோட்டங்கள் வரை பரவியது. அப்போது நம்மவர்கள் வைத்த கோரிக்கைகளில் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது ஒன்று. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. பட்டாளத்தை இறக்கிச் சுட்டு அடக்கினார்கள். சைக்கிள் விஷயம் இன்று சிரிப்பாக இருக்கலாம். மணி விஷயம் இன்னும் முடியவில்லை.

இன்றைக்குத் தோட்டத்துப் பெரட்டில் நம்மவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள், ஊரிலிருந்து புதிதாக வந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் என்று வரிசை நிற்கிறது. "அவங்க பாத்துக்கிட்டும், நமக்கென்ன?" என்று சிலர் பேசுவது நமக்குச் சரியாகப் படவில்லை. கடன்பட்டு வந்து, பாஸ்போர்ட்டை நினைத்துப் பயந்து, மயக்கம் வந்தாலும் வாய் திறக்காமல் நிற்கிற பையன் ஒருவன் இருக்கிற வரைக்கும், நிழலுக்குப் போகிற நமக்குச் சோம்பேறிப் பட்டம்தான் கிடைக்கும்.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகளின் மாப்பாவும் அடுத்த ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது சம்பளத்தோடு வெயிலையும் மேசைமேல் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. கேட்க வேண்டியது பெரிதல்ல. முதல் நிலை அறிவித்த நாளில் பெரட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, பதினோரு மணிக்குக் கடும் வேலையை நிறுத்துவது. ஓய்வெடுத்த நேரத்துக்கு அன்றைய சராசரிக் கூலியைக் கட்டுவது. மருந்தடிப்பைக் காலை ஒன்பதுக்குள் முடிப்பது. இவ்வளவுதான். கிளைக் கூட்டங்களில் தீர்மானம் போட்டு மேலே அனுப்பினால்தான் மேலே இருப்பவர்களுக்குக் கீழே அடிக்கிற வெயில் தெரியும். அவர்கள் அறையில் குளிர்சாதனம் ஓடுகிறது.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டுகிற வெப்பமானி சில பத்து வெள்ளிக்குக் கடையில் கிடைக்கிறது. பெரட்டுக் களத்தில் நிழலான ஒரு தூணில் அதை மாட்டச் சொல்லுங்கள். நிர்வாகம் மாட்டாவிட்டால் கிளைச் சங்கக் காசில் வாங்கி மாட்டுங்கள். தினமும் காலையிலும், பதினோரு மணிக்கும், இரண்டு மணிக்கும் அது என்ன காட்டுகிறது என்பதை ஒரு கணக்குப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வரட்டும் ஒரு பிள்ளை. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும்.